அரைக் கட்டை குறைச்சல்

டாக்டர் அதைத் தன் முழங்கையில் தட்டினார். "டிங்..." என்று மெல்லிய சத்தம். சுவரோரமாக உட்கார்ந்திருந்த எனக்கே நன்றாகக் கேட்டது.

இரண்டு பல் வைத்த சின்ன இரும்புக் கவை அது. அதை எங்கள் வீட்டுக்காரரின் வலது காதோரம் கொண்டுபோய்ப் பிடித்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். டாக்டர் இவரைப் பார்த்தார். இவர் டாக்டரைப் பார்த்தார்.

பிறகு இவர் கேட்டார்: "இன்னும் தட்டலைங்களா, டாக்டர்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

போன மாதம் பெரியாஸ்பத்திரியில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். "எழுது. ஆனா காதை மட்டும் எழுதிட்டு விட்டுடாத. பாட்டைப் பத்தியும் எழுது" என்று அவரே சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கும் உங்களுக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தெரியும். கூப்பிட்டால் திரும்பாதவர். எதைச் சொன்னாலும் "ம்" என்பவர். அரிசி தீர்ந்துவிட்டது என்றாலும் "ம்", அடுத்த வீட்டில் திருடன் என்றாலும் "ம்". இதை நான் எழுதியபோது, 'எங்கள் வீட்டிலும் அதே கதைதான்' என்று எத்தனை சகோதரிகள் கடிதம் போட்டீர்கள்! ஆண்பிள்ளைகளின் காதே அப்படித்தான் என்று நாமெல்லாம் சேர்ந்து தீர்ப்பும் சொல்லியாயிற்று.

நானோ பள்ளிக்கூட டீச்சர். வகுப்பறையில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் திடல் கோடியில் பந்து விளையாடும் பிள்ளை நின்றுவிடும். அந்தக் குரலுக்கு வீட்டில் ஒரு மனிதர் திரும்பவில்லை என்றால் கோபம் வருமா வராதா?

இவருக்குத் துறைமுகத்தில், கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. சேர்ந்த காலத்தில் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிச் சுத்தியலால் துரு தட்டினார். இப்போது தட்டுகிறவர்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. அவர் தட்டுவதில்லையே தவிர, நாள் பூராவும் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நிற்கிறார். ஒரு பெரிய இரும்பு அண்டாவுக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து ஊரே தட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் அவருடைய அலுவலகம்.

டாக்டர் அடுத்த கவையை எடுத்தார். கொஞ்சம் பெரியது. அதற்கும் இவர் காத்திருந்தார். அதற்கடுத்தது... புருவத்தை லேசாகச் சுருக்கினார். கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய கவை. தட்டிக் காதருகே கொண்டுவந்ததுதான் தாமதம் — இவர் முகம் மலர்ந்துவிட்டது. தலை ஆடியது. தொண்டைக்குள்ளேயே "ம்ம்ம்..." என்று அதே சுருதியைப் பிடித்துக்கொண்டு பாடவே ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர். சிரித்துவிட்டார். "என்ன, பாட்டுக்காரரோ?"

"பேஸ் கிட்டார் வாசிக்கறேங்க டாக்டர்" என்றார் இவர். பிறகு, "அதை ஒரு நிமிஷம் பார்க்கலாங்களா?" என்று கவையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் காம்பில் 'சி' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. அது ஸ்வரத்தின் பெயர். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார். இரும்புச் சத்தம் காதைத் தின்றிருக்கிறது. முதலில் போவது மேல் சுருதிச் சத்தங்கள். அடிச் சத்தங்கள் இன்னும் நன்றாகக் கேட்கின்றன. போனது திரும்பி வராது. உள்ளதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும்.

"உங்கட குரல் மேல் சுருதி, அம்மா. அவருக்கு முதல்ல போனதே அதுவாத்தான் இருக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் குரலா முதலில் போனது?

"சத்தத்துக்குக் கிட்டப் போகாதேயுங்கோ" என்றார் டாக்டர்.

"வேலை, டாக்டர்..."

"வேலையை விட ஏலாது. விளங்குது. அந்த எலெக்ட்ரிக் கிட்டாரையாவது விடுங்கோவன்."

இவர் அந்தப் பெரிய கவையை இன்னொரு தடவை தட்டிக் காதோரம் பிடித்துக் கேட்டார். "ம்" கூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறினோம். நான் ஜன்னலோரம். இவர் பக்கத்தில், நேராக முன்னால் பார்த்தபடி. நான் என்னென்னவோ பேசிப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை மனிதர். சரி, உள்ளுக்குள் அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைக்கத் துடைக்க வருகிறது. முன் சீட்டில் இருந்த சீனத்து அம்மாள் திரும்பிப் பார்த்து, தன் கைக்குட்டையை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

கெர்பாவ் ரோட்டில் எங்கள் மாடி வீட்டுக்கு ஏறியதும், இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிட்டாரை எடுத்தார். ஒரு கம்பியை அழுத்தி மீட்டினார். இன்னொரு தடவை மீட்டினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நம்ம சி தப்பு."

"என்னது?"

"அந்தக் கவையோட சி-யைத் தொண்டையிலேயே பிடிச்சுக்கிட்டு வந்தேன். அதான் பேசல. பேசினா விட்டுப்போயிடும். நம்ம சி கீழ இருக்கு. அரைக் கட்டை கிட்டக் குறைச்சல். நாங்க எல்லாருமே கீழதான் வாசிச்சுக்கிட்டு இருக்கோம்."

நான் பஸ்ஸில் சிந்திய கண்ணீருக்கு என்ன கணக்கு? "டாக்டர் காது போச்சுன்னு சொல்றார், நீங்க சி-யைப் பத்திப் பேசறீங்களா!" என்று கத்தினேன். உச்சக் குரலில்தான். அவருக்குக் கேட்டிருக்காது.

கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

என் தம்பி சேவியர் ஒரு கிட்டார் குழு வைத்திருக்கிறான். சிங்கப்பூரில் இன்று எந்தத் தெருவில்தான் கிட்டார் குழு இல்லை? சேவியர் பாடுவான், கிட்டாரும் வாசிப்பான். அவன் சிநேகிதன் ராஜு இன்னொரு கிட்டார். டிரம்ஸ் அடிப்பவன் ஆ செங். முதலில் இருந்த பேஸ் கிட்டார்காரன் வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் போய்விட, ஊர் திரும்பும் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் வாங்கிய அந்தப் பெரிய கிட்டார் எங்கள் வீட்டு மூலையில் சும்மா சாய்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்பதைத் தொட்ட மனிதர், தலையில் பாதி நரை! நான் சிரித்தேன். அந்தக் கிட்டாரை அதற்கப்புறம் அவர் கீழே வைக்கவே இல்லை.

பேஸ் கிட்டாரில் நாலே கம்பி. மற்றக் கிட்டார்கள் கிணுகிணுக்கும், இது அடித்தொண்டையில் "தூம்... தூம்..." என்னும். பாட்டு கேட்கிற யாராவது இதைத் தனியாகக் கேட்டிருக்கிறோமா? சாம்பாரில் பெருங்காயம் மாதிரிதான். இருக்கும்போது தெரியாது. இல்லாவிட்டால், என்னவோ குறைகிறதே என்று ஊரே முகத்தைச் சுளிக்கும்.

இவர்களில் யாருக்கும் ஸ்வரம் எழுதவோ படிக்கவோ தெரியாது. எல்லாம் கேள்வி ஞானம்! வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து மாட்டியிருக்கிறார்களே ரேடியோப் பெட்டி, அதில் பாட்டு கேட்கும், "தூம்" கேட்காது. பெட்டி அவ்வளவு சின்னது. புதிதாக வந்திருக்கும் டெலிவிஷனிலும் அதே கதி. ஆகவே இவர்களுடைய கல்லூரி, ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கோப்பிக் கடையில் நிற்கும் ஜூக்பாக்ஸ். காசைப் போட்டால் தமிழ்ப் பாட்டு, இங்கிலீஷ் பாட்டு, மலாய்ப் பாட்டு எது வேண்டுமானாலும் பாடும். அலமாரி அளவுக்குப் பெரிய வயிறு. அதனால் "தூம்" தாராளமாகக் கேட்கும்.

அங்கே இவர்கள் வேலை பார்க்கும் அழகை நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு தடவை சேவியர் வார்த்தைகளைப் பிடிக்கிறான். அவன் தவறவிட்ட அடியை ராஜு பிடிக்கிறான். ஆ செங் இரண்டு கோப்பிக் கரண்டிகளால் மேசையைத் தட்டுகிறான். இவர் மட்டும் மேசைக்கே வரவில்லை. ஜூக்பாக்ஸில் முதுகைச் சாய்த்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே என்னிடம், "உன் புருஷன் பாவம் லா. டாக் வேலை ரொம்பக் கஷ்டம். தினமும் இங்க வந்து தூங்குது" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

தூக்கமா? முதுகெலும்பால் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார் மனிதர்!

கேட்டதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வார் தெரியுமா? தெருக்களாக. இதை அவர் வாயால் கேட்டபோது நான் அசந்துபோனேன்.

"பாட்டு சிராங்கூன் ரோட்டுல நேரா போகுதுன்னு வெச்சுக்க. அப்புறம் தேக்கா மார்க்கெட் கிட்டத் திரும்புது. முதல் சரணம் கெர்பாவ் ரோடு. ரெண்டாவது சரணம் பஃப்பலோ ரோடு. மலாய்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு, ரெண்டுக்கும் பேரு எருமைதான், பார்க்கவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா போய் முடியற இடம் வேற. அங்கதான் நிறைய பேர் வழி தவறிடுவாங்க."

அவர் வழி தவறி நான் பார்த்ததில்லை. கல்யாண விருந்து, கோயில் திருநாள், பள்ளிக்கூட நிதி விழா என்று எத்தனையோ மேடை. ஒரு பாட்டைக் கேட்டு உள்ளே போட்டுக்கொண்டால் போட்டதுதான். பூசையில் பிரசங்கம் நடக்கும்போது பாருங்கள்... ஜெபமாலை பிடித்த இடது கை விரல்கள் தனியாக ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கும். ஆண்டவர் மன்னிப்பாராக!

சரி, ஆஸ்பத்திரி வாரத்துக்கு வருவோம்.

ராஜுவின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விருந்தில் இவர்கள் குழுதான் வாசிக்க வேண்டும். அதில் ஒரு விசேஷம்: பினாங்கிலிருந்து ராஜுவின் தாய்மாமா வருகிறார். அக்கார்டியன் வாசிப்பவர். நெஞ்சோடு அணைத்து, விசிறி மாதிரி இழுத்து மூடி வாசிப்பார்களே, அந்தப் பெட்டி. மருமகள் கல்யாணத்தில் அவரும் குழுவோடு சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு.

சேவியர் ஒரு சாயங்காலம் வந்தான். நான் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி விஷயம் அவன் காதுக்குப் போயிருக்கிறது.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க லா" என்று ஆரம்பித்தான், கொஞ்சம் சத்தமாக. "டாக்டரே சொல்லிட்டார். உங்க உடம்புதான் முக்கியம். புக்கிட் மேராவில ஒருத்தன் இருக்கான். பேஸ் வாசிப்பான். சொந்தமா ஆம்ப்ளிஃபையர் வெச்சிருக்கான். இந்தக் கல்யாணம் முடியட்டும்..."

"ம்" என்றார் இவர். இந்தத் தடவை நன்றாகக் கேட்டுத்தான் சொன்னார். எனக்குத் தெரியும். முகம் அப்படியே சாம்பலாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள, ஒரு விஷயம்" என்றார். "நாம அரைக் கட்டை குறைச்சலா வாசிக்கறோம். அந்த ஜூக்பாக்ஸ் மெதுவாச் சுத்துது. மெதுவாச் சுத்தினா சுருதி இறங்கும். நாம அதைக் கேட்டுத்தான் கம்பியை முறுக்கறோம். நாம நாலு பேரும் ஒண்ணா இறங்கி இருக்கறதால நமக்குத் தெரியல. பினாங்குக்காரர் பெட்டியோட சேர்ந்தா நாறிடும்."

சேவியர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். காது டாக்டரிடம் போய்த் திரும்பிய மனிதர், காது நன்றாக இருக்கும் மூன்று பேரைப் பார்த்து, உங்களுக்குச் சுருதி சரியில்லை என்கிறார்!

"அத்தான்..." என்று சிரித்துவிட்டான் தம்பி. "சரி, சரி. பார்த்துக்கலாம் லா."

அவன் கெட்டவனில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் படியிறங்கிப் போன பிறகு, எனக்குத் தம்பி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இவர் கோபப்படவில்லை. கிட்டாரை எடுத்தார். ஒயர் மாட்டவில்லை. ஒயர் இல்லாவிட்டால் அது கொசு மாதிரிதான் முனகும். அதனால் கிட்டாரின் மேல் விளிம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்தார். தாடை எலும்பு வழியாகப் போகுமாம் சத்தம். வேலை விட்டு வந்ததும் அதுதான். சாப்பாட்டுக்கு உட்காரும் வரை அதுதான்.

"என்ன செய்யறீங்க?" என்று அருகில் போய்க் கேட்டேன்.

"எல்லாப் பாட்டையும் அரைக் கட்டை மேல தூக்கி வெக்கறேன்."

"எல்லாப் பாட்டையுமா?"

"ஆமா. அந்த மாமா எந்தப் பாட்டுல வந்து சேருவார்னு நமக்கென்ன தெரியும்?"

கம்பியைக் கொஞ்சம் முறுக்கிவிட்டால் போதாதா என்று உங்களைப் போலத்தான் நானும் கேட்டேன். முறுக்கினால் மற்ற இருவரோடு முதல் பாட்டிலிருந்தே சண்டை வரும். அவர்கள் மாறாத வரை இவர் அவர்களோடும் வாசிக்க வேண்டும், மாமா வந்ததும் மாமாவோடும் வாசிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு பாட்டையும் கிட்டார்க் கழுத்தில் ஒரு கட்டம், அதாவது அரைக் கட்டை, தள்ளி விரலை வைத்து, புதிதாக மனப்பாடம் செய்வது.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஒன்றுமே அழுத்தாமல் சும்மா மீட்டுகிற கம்பிகள் இருக்கின்றன. விரலுக்கு அங்கேதான் ஓய்வு. ஒரு கட்டம் தள்ளினால் அந்த ஓய்வு போச்சு. எல்லாவற்றையும் அழுத்த வேண்டும். பழகிய கையோ பழைய இடத்துக்கே ஓடும்.

"தெரு என்னமோ அதே தெருதான்" என்றார் விரல்களை நீவிவிட்டபடி. "ஆனா எல்லாரும் ஒரு வீடு தள்ளிக் குடி போயிட்டாங்க. நான் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டு நிக்கறேன்."

"சேவியர்தான் நம்பவே இல்லையே. உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அந்தப் பெட்டியில சுருதியை மாத்த முடியாது. ஊர்லேருந்து வர்ற மனுஷன், மருமக கல்யாணத்துல தனியா மாட்டிக்கிட்டு முழிக்கணுமா? யாராவது ஒருத்தர் அவர் பக்கத்துல போய் நிக்கணும்ல?"

எனக்கு அவர் மேல் பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? இவ்வளவு நாள் உங்களிடம் குறை சொல்லி எழுதியவள், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாண நாள். பீச் ரோடு பக்கம் ஒரு ஹால். பிரியாணி மணம், பவுடர் மணம், குழந்தைகள் ஓட்டம். இவர்கள் நாலு பேரும் ஒரே மாதிரிக் கோட்டு. முதல் இரண்டு பாட்டு அமோகம். நானும் கூர்ந்து கேட்டேன், ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது... ஒருவேளை தம்பி சொன்னதுதான் சரியோ?

பிறகு பினாங்கு மாமா மேடையேறினார். ஜிப்பா, தங்கப் பல், நெஞ்சில் அக்கார்டியன். கைதட்டல். மணப்பெண்ணுக்குப் பிடித்த பாட்டை ஆரம்பித்தார்கள்.

கடவுளே!

தட்டிலிருந்து தலைகளெல்லாம் நிமிர்ந்தன. பாட்டு அதேதான், தாளமும் அதேதான், ஆனால் பல் கூசியது. மாமா பதறிப்போய்த் தன் பெட்டியைக் குனிந்து பார்த்தார். ராஜு தன் கிட்டாரைப் பார்த்தான். மணப்பெண் மாலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். சேவியர்? அவன் திரும்பி நேராக எங்கள் வீட்டுக்காரரைத்தான் பார்த்தான். வேறு யாரைப் பார்ப்பான்? ஒரு மேடையில் சுருதி கெட்டால், அங்கே காது போனவர் மேல்தானே முதல் சந்தேகம்!

அந்தப் பார்வையை ஹாலில் பாதிப் பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எழுந்து ஓடிப்போய் மேடையில் ஏறிவிடலாமா என்றிருந்தது.

இவர் அவசரப்படவில்லை. அக்கார்டியனின் அடிக்குரல் பொத்தான்கள் பக்கமாகத் தலையைச் சாய்த்தார். ஒரு கணம் கேட்டார். இடது கை ஒரு கட்டம் மேலே நகர்ந்தது.

"தூம்... தூம்... தூம்..."

அக்கார்டியனும் அந்தத் "தூ"மும் பாலும் சர்க்கரையுமாகக் கலந்தன. மாமா சட்டென்று நிமிர்ந்தார். இவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், தங்கப் பல் வெளிச்சத்தில் மின்னியது. இப்போது உறுத்தியது இரண்டே இரண்டுதான்: ராஜுவின் கிட்டார், சேவியரின் கிட்டார்.

சேவியர் பிழைக்கத் தெரிந்தவன். தன் கிட்டாரைக் கையால் பொத்தி ஊமையாக்கிவிட்டு, பேஸைப் பிடித்துக்கொண்டு பாடினான். அரைக் கட்டை ஏறியதில் கழுத்து நரம்பு புடைத்தது. ராஜு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சொந்தத் தங்கை கல்யாணம், பாவம்!

பாட்டு முடிந்தது. கைதட்டலுக்கு நடுவில் இவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். வெளியே எடுத்தது என்ன தெரியுமா? இரண்டு பென்சில், ஒரு கொத்து ரப்பர் வளையம். முதல் கட்டத்தில் பென்சிலைக் குறுக்கே வைத்து ரப்பரால் இறுக்கிக் கட்டிவிட்டால், கிட்டாரின் எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் அரைக் கட்டை ஏறிவிடுமாம். கை பழைய இடத்திலேயே வாசிக்கலாம். ராஜுவுக்கு ஒன்று கட்டினார். சேவியருக்கு ஒன்று கட்டினார்.

அவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே சேவியர் கேட்டது முன் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. "அத்தான், இதை எப்ப எடுத்து வெச்சீங்க?"

"நீ சிரிச்சேல்ல? அன்னிக்கு."

சொன்ன குரலில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்கப்புறம் வாசித்தார்களே, அதுதான் வாசிப்பு. மாமா அந்த மேடையை விட்டு இறங்கவே இல்லை. இவர் ஒரு பாட்டில்கூடப் பழைய வீட்டுக் கதவைத் தட்டவில்லை. எருமைத் தெரு இரண்டிலும் சரியாகத் திரும்பினார். பிரியாணி ஆறிப்போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது சேவியர் பெரிய கிட்டாரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டுப் படியில் நின்று, "புக்கிட் மேரா ஆளுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன், அத்தான்" என்றான்.

இவருக்கு அது கேட்கவில்லை. முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன், அருகில் நின்று, முகத்தைப் பார்த்து. அவர் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

ஜூக்பாக்ஸை, ஆ செங் சொல்லித் தவுக்கே ஆள் வைத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே தட்டைச் சுற்றும் ரப்பர் சக்கரம் தேய்ந்து வழவழவென்று இருந்ததாம். புதியது போட்டாயிற்று. இப்போது பாட்டெல்லாம் ஓட்டமாக ஓடுகிறது, பழையபடி மாற்று என்று வாடிக்கைக்காரர்கள் சண்டை போடுகிறார்களாம். இது எப்படி இருக்கிறது? கொஞ்ச நாள் சேர்ந்தே கீழே இருந்துவிட்டால், கீழே இருப்பதுதான் சரி என்று ஆகிவிடுகிறது நமக்கு. யாராவது வந்து தட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது.

மறுபடியும் டாக்டரிடம் போனோம். இவரே ஒரு யோசனையோடு வந்திருந்தார். "டாக்குல காதைப் பஞ்சு வெச்சு இறுக்கி அடைச்சுக்கறேன், டாக்டர். அங்க செலவாகறதை மிச்சம் பிடிச்சு, கிட்டாருக்கு வெச்சுக்கலாங்களா?"

டாக்டர் தலையை ஆட்டினார். "மெழுகு தடவின பஞ்சு வையுங்கோ. கிட்டார்ச் சத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கோ. போனது வராது, அதை மட்டும் நினைவில வைச்சிருங்கோ" என்றார்.

இப்போது மண்டோர் காதில் பஞ்சோடுதான் கப்பலுக்குள் இறங்குகிறார். ஆட்கள் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும். அவருக்கு ஒன்றும் கேட்கப்போவதில்லை.

போனது வராது. டாக்டர் சொன்ன அந்த வார்த்தை எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. போனதில் என் குரலும் ஒன்றல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை. சமையல் முடிந்தது. இவர் ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாடையைக் கிட்டாரில் வைத்து, ஏதோ புதுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். வழக்கம்போலக் கூப்பிட வாயைத் திறந்தேன். நிறுத்திக்கொண்டேன். பெரிய கவை ஞாபகத்துக்கு வந்தது. மூச்சை இழுத்து, குரலை வயிறு வரைக்கும் இறக்கி, எனக்கே வேற்று ஆள் மாதிரி ஒலித்த கட்டைக் குரலில் சொன்னேன்:

"ஏங்க..."

விரல் நின்றது. மனிதர் திரும்பினார்! அடுப்படியிலிருந்து ஜன்னல் வரைக்கும், முதுகுப் பக்கமாக, என் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார். தலையைச் சாய்த்து, அக்கார்டியனைக் கேட்டது மாதிரியே ஒரு கணம் கேட்டார்.

"இன்னும் ஒரு அரைக் கட்டை இறக்கு" என்றார்.

இறக்கிவிட்டேன். மனைவி சொன்னால் கேட்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதும் சகோதரிகளே... நீங்களும் ஒரு தடவை இறக்கிப் பாருங்களேன்!